சந்தனத்தைச் சந்தனம் என்றே சொல்லுங்கள்: தமிழ்ப்பள்ளிகளுக்கு நூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் காட்சிக்கலைக் கல்வி நூல்களையும் தமிழ்மொழிப் பயிற்சி நூல்களையும் எழுதித் தரும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அவற்றைச் சரிபார்த்து அனுப்பும் கலைத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் ஆசிரியன் அல்லன். இங்குள்ள லிட்டல் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருப்பவன். 35 ஆண்டுகளாக நிறங்களுக்குப் பெயர் சொல்லித்தான் பிழைத்து வருகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் 'அந்த வாடாமல்லியை எடுங்கள்' என்றால், நூறு சேலை அடுக்கியிருக்கும் தட்டிலிருந்து கை தானாக அதற்குப் போகவேண்டும். போகாவிட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே, நிறப்பெயர் ஒன்றைக் குறித்து உங்களிடம் முறையிட எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

வண்ணப் பென்சில் பெட்டியில், செம்மஞ்சளில் பால் கலந்தாற்போல் வெளிறிய ஒரு பென்சில் இருக்கும். வகுப்பறைப் பேச்சிலும் பயிற்சித்தாள்களிலும் அதற்கு 'உடல் நிறம்' என்றும் 'தோல் நிறம்' என்றும் பெயர் வழங்குகிறது. அந்தப் பெயரை விட்டுவிட்டு, அதைச் 'சந்தன நிறம்' என்று எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி இங்குள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் 'என் குடும்பம்' என்ற தலைப்பில் ஒரு படத்தாளைக் கொடுத்திருந்தார்கள். கோட்டோவியமாக ஐந்து பேர்; ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண்; தாளின் அடியில் அந்த எண்ணுக்குரிய நிறம். ஒன்று கறுப்பு, அது தலைமுடி. இரண்டு சிவப்பு, அது பாட்டியின் சேலை. ஐந்து உடல் நிறம், அது எல்லாருடைய முகமும் கையும் காலும். மற்ற எண்களுக்கெல்லாம் சொன்னபடி தீட்டியவள், ஐந்தாம் எண்ணுக்கு மட்டும் பழுப்புப் பென்சிலை எடுத்திருக்கிறாள். அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள். அப்பாவுக்கு மெல்லத் தேய்த்திருந்தாள். அம்மாவுக்குச் சற்று அழுத்தி. தாத்தாவாகிய எனக்குப் பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி. ஒரே பென்சிலில் மூன்று பேருடைய நிறத்தையும் கொண்டுவந்துவிட்டாள்.

தாள் திரும்பி வந்தபோது ஐந்து முகங்களையும் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்; பக்கத்தில் 'உடல் நிறம் தீட்டுக' என்று எழுதியிருந்தது. வண்ணப் பென்சில் தீட்டியதை அழிப்பான் முழுதாக எடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் தேய்த்த தேய்ப்பில் தாள் பஞ்சுபோல் எழும்பிவிட்டது. அதன்மேல் அந்த வெளிர்ப் பென்சிலைப் பூசியதும் எங்கள் குடும்பம் முழுவதும் திருநீறு குழைத்துப் பூசிய பண்டாரங்களைப்போல் ஆகிவிட்டோம்.

ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. தாளில் என்ன அச்சாகியிருந்ததோ அதன்படி அவர் திருத்தினார். குறை அச்சாகிய சொல்லில் இருக்கிறது.

என் கடையும் இந்த விஷயத்தில் யோக்கியமாக நடந்துகொண்டதில்லை. ரவிக்கையின் முதுகிலும் கையிலும் உள்ளே வைத்துத் தைக்கும் வலைத்துணியை 'ஸ்கின் கலர் நெட்' என்று சொல்லித்தான் ஆண்டுக்கணக்காக விற்று வந்தோம். துணி இருப்பதே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது, மேலே வைத்த ஜரிகைப் பூ மட்டும் முதுகில் மிதப்பதுபோல் இருக்கவேண்டும் என்பதுதான் அந்த வலைக்கு இருக்கும் ஒரே வேலை. ஒரு முறை கெடாவிலிருந்து வந்த மணப்பெண் ஒருவர், நல்ல களையான கறுப்பு, எங்களிடம் வாங்கிய வலையை வைத்துத் தைத்த முகூர்த்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கடைக்கே வந்து முதுகைத் திருப்பிக் காட்டினார். தோள் முதல் இடுப்பு வரை பிளாஸ்திரி ஒட்டியதுபோல் வெளேரென்று இருந்தது. "அங்கிள், இது யாரோட ஸ்கின் கலர்?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை; பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கேள்வியில் இருப்பது வெறும் மனவருத்தம் அன்று. அதில் ஒரு மொழிக்குற்றமும் சுட்டப்பட்டிருக்கிறது. கிளிப்பச்சை என்றால் கிளியைப் பார்த்தவர் எல்லாருக்கும் ஒரே பச்சை. எலுமிச்சை மஞ்சள் என்றால் யார் சொன்னாலும் அதே மஞ்சள். 'உடல் நிறம்' அப்படி நிற்காது. சொல்பவர் மாறினால் நிறமும் மாறிவிடும். 'என் வீடு' என்பதை ஓர் ஊருக்குப் பெயராக வைத்தால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? எல்லாருக்கும் ஒரே இடத்தைக் காட்டாத சொல் நிறப்பெயர் ஆகாது. அதையும் மீறி அது ஒரே ஒரு பென்சிலின் பெயராக நிலைக்கிறது என்றால், யாரோ ஒருவருடைய உடலை எல்லாருக்கும் பொது உடலாக வைத்துக்கொண்டோம் என்று பொருள். துணிக்கடைகளில் ஆங்கிலத்தில் 'நியூட்' என்று சொல்வார்களே, அந்தச் சொல்லுக்கு மெரியம் வெப்ஸ்டர் அகராதி வெள்ளையரின் தோல் நிறம் என்றுதான் முன்பு பொருள் தந்திருந்தது. பலர் எழுதிக் கேட்டபின், அணிபவரின் தோலோடு ஒத்துப்போகும் நிறம் என்று 2015இல் மாற்றியது. அகராதிக்காரர்களுக்கே திருத்திக்கொள்ள வேண்டிவந்தது.

இந்தப் பென்சிலுக்குப் பெயர் மாற்றிய முதல் ஆட்களாக நாம் இருக்கப்போவதும் இல்லை. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் 1903இல் எட்டு நிறங்களோடு மெழுகு வண்ணக்கோல் பெட்டியை விற்கத் தொடங்கியது. பின்னாளில் அதன் பெட்டியில் 'ஃபிளெஷ்', அதாவது சதை, என்ற பெயரில் இருந்த வெளிர் வண்ணக்கோலுக்கு 1962இல் 'பீச்' என்று பழத்தின் பெயர் வைத்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் அங்கே வலுத்திருந்த காலம் அது. அதே நிறுவனம் 1999இல் 'இந்தியச் சிவப்பு' என்ற பெயரையும் கைவிட்டது. அந்தப் பெயர் உண்மையில் ஓவியர்கள் பயன்படுத்தும் ஒரு செம்மண் நிறமியிலிருந்து வந்தது. இந்தியாப் பக்கம் கிடைத்த மண் என்பதால் அப்படிப் பெயர். ஆனால் பிள்ளைகள் அதைச் செவ்விந்தியரின் தோல் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்கள் முறையிட்டதால் பெயர் மாறியது. மண்ணுக்கு வைத்த பெயரே தோலுக்குப் போய் ஒட்டிக்கொள்கிறது என்றால், தோல் என்றே பெயர் வைத்த பென்சிலைப் பற்றி என்ன சொல்வது!

எனக்கு அதிகம் பிடித்தது கொரியாவின் கதை. அங்கே அந்த நிறத்துக்குச் 'சால்சேக்', அதாவது சதை நிறம், என்று பெயர் இருந்தது. அங்கு வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முறையிட, 2002இல் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் பெயரை மாற்றச் சொன்னது. அதிகாரிகள் வெளிர் செம்மஞ்சள் என்று பொருள்படும், சீன வேரிலிருந்து வந்த ஒரு கனமான சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். 2004இல் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அதே ஆணையத்துக்கு எழுதினார்கள்: 'இந்தச் சொல் எங்களுக்குப் புரியவில்லை, வண்ணக்கோலைப் பயன்படுத்துகிறவர்கள் நாங்கள்தானே' என்று. மறு ஆண்டே அது 'சால்குசேக்', அதாவது சர்க்கரை பாதாமி என்று நாம் சொல்லும் ஏப்ரிகாட் பழத்தின் நிறம், என்று மாறியது. தோல் நிறம் என்ற பெயரை விட்டபோது ஜப்பானியரும் நாரத்தை போன்ற தங்கள் ஊர்ப் பழமொன்றின் பெயரையே எடுத்து, அதன் வெளிர் நிறம் என்று வைத்துக்கொண்டார்கள். பெயரை மாற்றுவது பாதி வேலைதான், பிள்ளையின் வாயில் நிற்கும் பெயராக மாற்றுவது மீதிப் பாதி என்பதைக் கொரியப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டேன். ஆகவே யாராவது 'இளஞ்செம்மஞ்சள்' என்று இலக்கணச் சுத்தமாக ஒரு பெயரைப் பரிந்துரைத்தால், ஏழு வயதுப் பிள்ளையை அதை மூன்று முறை வேகமாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள் என்பேன்.

தமிழுக்கு இந்த இடத்தில் யாரிடமும் கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. வெளிறிய தோலைப் பொதுத் தோல் என்று நம் மொழி ஒருநாளும் எண்ணியதில்லை. மாந்தளிரை ஒத்த மேனி நிறத்தை 'மாமை' என்று பழம்பாடல்கள் கொண்டாடின. தலைவன் பிரிந்துபோனால் அந்த மாமையை அழித்துக்கொண்டு பரவும் வெளிறலுக்குப் 'பசலை' என்று பெயர், அது நோய். திருக்குறளில் அந்த நோய்க்கென்றே 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரம், 119ஆவது, இருக்கிறது. 'வெளிறு' என்ற சொல்லையே வள்ளுவர் அறியாமை என்ற பொருளில் ஆள்கிறார். இப்படி வெளிறலைத் துயரமாகவும் வைரம் பாயாத மரமாகவும் பார்த்த மொழியில், வெளிர் நிறத்தை 'உடல் நிறம்' என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது, வேறு மொழிப் பெட்டியின் மேல் இருந்ததை அப்படியே பெயர்த்து எழுதியதால் வந்த வினை. மலாயில் 'வார்னா கூலிட்' என்பதும் சீனத்தில் சதை நிறம் என்பதும் அதே வழியில் வந்தவை. பென்சிலைச் செய்கிறவர் அதன்மேல் தமிழில் எதையும் அச்சிடுவதில்லை. தமிழ்ப் பெயரைக் கொடுத்தது நாம்தான். ஆகையால் மாற்றுவதற்கு எந்த நிறுவனத்திடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

இனி, ஏன் சந்தனம்?

கடையில் எங்களுக்கு இது அன்றாடச் சொல். 'கிரீம்' என்றால் பால் ஏட்டின் வெண்மை முன்னால் நிற்கும். 'பிஸ்கட் கலர்' என்றால் அடுப்பில் சற்றுச் சிவந்தது. இரண்டுக்கும் நடுவில், மஞ்சளும் மரத்தின் செம்மையும் மங்கலாக ஓடுவது 'சந்தன கலர்'. அரக்கு பார்டர் போட்ட சந்தன கலர் பட்டு எத்தனை விற்றிருப்பேன் என்று கணக்கில்லை. இந்தச் சொல்லைக் கேட்டு 'அது எப்படி இருக்கும்?' என்று திருப்பிக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

அந்தப் பென்சில் சந்தனத்தைவிடச் சற்றுச் சிவப்பு தூக்கலாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். கல்லில் தண்ணீர் தெளித்துச் சந்தனக் கட்டையை இழைத்தால் முதலில் கலங்கிய பால்போல் ஒரு நீர் வரும்; பிறகுதான் குழம்பு திரளும். அதை நெற்றியில் வைத்துக் காயவிட்டால் இன்னும் வெளுக்கும். பென்சிலின் நிறம் அந்த நிலையில் இல்லை. ஆனால் அதே சந்தனப் பொட்டின்மேல் குங்குமம் வைத்துக்கொண்டு, நம் ஊர் வெயிலில் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வாருங்கள். வியர்வையில் குங்குமம் கரைந்து சந்தனத்தின் விளிம்பில் பரவும். அந்த விளிம்பு, அப்படியே அந்தப் பென்சில். பழத்தின் பெயரை வைத்த நாடுகளிலும் பழத்துக்கும் வண்ணக்கோலுக்கும் இவ்வளவு இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் காரணம் ஒன்று உண்டு. சந்தனம் தோல் அன்று, தோலின்மேல் பூசுவது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் முடி இறக்கிய பிள்ளைகளின் தலையைப் பாருங்கள். பத்துமலையிலும் அதே காட்சிதான். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம் பூசி, பிடரியில் ஒரு கோடாக முடிந்திருக்கும். கோட்டுக்கு மேலே சந்தனம். கோட்டுக்குக் கீழே கழுத்து. எது சந்தன நிறம், எது தன் நிறம் என்று எந்தப் பிள்ளைக்கும் அங்கே குழப்பம் வராது. மாநிறக் கழுத்துக்கு மேல் இருப்பதால்தான் சந்தனம் அவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது. நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேறுபாட்டை அந்தக் கோடு சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

சந்தனம் ஒரு சமயத்தாருக்கு உரியதாயிற்றே என்று குழுவில் ஒருவர் கேட்கக்கூடும். நாகூர்க் கந்தூரியில் சந்தனக்கூடு ஊர்வலம் நடப்பதையும், இங்கே சூலியா ஸ்திரீட்டிலேயே நாகூர் தர்கா இருப்பதையும் அவருக்கு நினைவூட்டுவேன். கிறிஸ்துவர் வீட்டுத் திருமண வரவேற்பிலும், வாசலில் கற்கண்டு, பன்னீர்ச் செம்போடு சந்தனக் கிண்ணத்தைப் பார்த்திருக்கிறேன். மலாய் நண்பர்களுக்கும் இந்தச் சொல் அந்நியமில்லை. அவர்கள் 'செண்டானா' என்பார்கள். தெரிந்துகொண்டே கேட்பவரைப் பார்த்து, 'சூடா காஹாரு, செண்டானா பூலா' என்று அகிலையும் சந்தனத்தையும் சேர்த்து அவர்கள் சொல்லும் ஒரு கேலிப் பழமொழியும் உண்டு. இந்தப் பென்சிலின் பெயர் சரியா என்று என்னிடம் கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் அதைத்தான் பதிலாகச் சொல்கிறேன்.

மலாய்க்காரர்களிடமிருந்தே 'குனிங் லங்சாட்' என்பதை எடுத்துக்கொள்ளலாமே, லங்சாட் பழத் தோலின் வெளிர் மஞ்சள் அழகாகத்தானே இருக்கிறது என்று என் மருமகன் கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் பெண்ணின் வெளுத்த மேனியைப் புகழத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். வாசல் வழியே அனுப்பிய தோலைப் புழக்கடை வழியே அழைத்துவருவதாக ஆகிவிடும். சினிமாப் பாட்டுகளில் 'சந்தன மேனி' வருவதை நானும் அறிவேன். பாட்டில்தான் வருகிறது, பெண் பார்க்கப் போய்விட்டு வந்த எவரும் 'பெண் சந்தன நிறம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் சிவப்பு என்பார்கள், மாநிறம் என்பார்கள், கறுப்பு என்றால் 'களையாக இருக்கிறாள்' என்று சுற்றி வளைப்பார்கள். அது வேறு வழக்கு. அதை இந்த மடலில் தீர்க்க முடியாது.

பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஐந்தாம் எண்ணுக்கு நேரே முகம், கை, கால் என்பதை அப்படியே விட்டுவைத்தால் பயனில்லை. ஆகவே இன்னொரு வேண்டுகோள். படத்தில் மனிதரின் முகத்துக்கும் கைகால்களுக்கும் எண் போடாதீர்கள். அந்த இடத்தில் 'உன் குடும்பத்தாரைப் பார்த்துத் தீட்டு' என்று ஒரு வரி போதும். பழுப்பு, சந்தனம், கறுப்பு, செம்மஞ்சள் ஆகிய நான்கு பென்சில்களை மாற்றி மாற்றி மெல்லத் தேய்த்தால் நம் நாட்டில் இருக்கும் எந்த முகமும் வந்துவிடும். கிரேயோலா 2020இல் தோல் நிறங்களுக்கென்றே 24 வண்ணக்கோல்கள் கொண்ட தனிப் பெட்டியைக் கொண்டுவந்தது. நம் பள்ளிகளுக்கு அதை வாங்கித் தரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எட்டு வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பெட்டியில் அழுத்தம் ஒன்றை வைத்துக்கொண்டே என் பேத்தி அதைச் செய்து காட்டியிருக்கிறாள்.

'பழுப்பு' என்ற பெயரிலும் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. பழுத்த இலைக்கும் நாள்பட்ட தாளுக்கும் உரிய மஞ்சளித்த நிறத்தைச் சொல்லும் அந்தச் சொல்லை, வகுப்பில் காப்பித்தூள் நிறத்துக்கு வைத்திருக்கிறீர்கள். கடையில் அதைப் பாக்கு நிறம் என்போம். ஆனால் பழுப்பு வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன்.

தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருகிற நாளில் ஒரு பென்சிலின் பெயருக்கு இத்தனை பக்கமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எண்ணிக்கைக்கு வழி சொல்ல எனக்குத் தெரியாது. இந்தச் சொல்லை மாற்றச் செலவில்லை, அனுமதிக்குக் காத்திருக்கும் கட்டடமோ நிலமோ இதில் இல்லை. மறுபதிப்பின்போது ஒரு சொல்லை அடித்துவிட்டு ஒரு சொல்லை எழுத வேண்டும், அவ்வளவுதான். நூல் அச்சாகும்வரை காத்திராமல், ஆசிரியர்கள் நாளைய வகுப்பிலேயே வாயால் மாற்றிவிடவும் முடியும்.

என் கடையில் மாற்றிவிட்டேன். வலைத்துணிச் சுருள்கள் இருக்கும் தட்டில் 'ஸ்கின் கலர்' என்று ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்துவிட்டு, இப்போது சந்தனம், தேன், பாக்கு, காப்பி என்று நான்கு சுருள்களை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டின்மேல் துணியை வைத்துப் பார்த்து வெட்டிக் கொடுக்கிறோம். அதிகம் விற்பது தேன்; காப்பிச் சுருள் இரண்டாம் முறை வாங்கியாகிவிட்டது.

உங்கள் குழு கூடும்போது சொல்லியனுப்பினால், நாங்கள் சந்தனம், கிரீம், பிஸ்கட், தந்தம், மாந்தளிர், பாக்கு என்று தனித்தனியே பெயர் சொல்லி விற்கும் துணிகளில் ஒவ்வொரு சாண் வெட்டி, அட்டையில் ஒட்டி, அடியில் பெயர் எழுதி அனுப்பி வைக்கிறேன். பக்கத்தில் அந்த வெளிர்ப் பென்சிலையும் வைத்து, ஜன்னலோர வெளிச்சத்தில் பாருங்கள். குழல்விளக்கில் பார்த்தால் சந்தனம் பச்சையடிக்கும்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
லிட்டல் இந்தியாச் சேலைக் கடைக்காரன் ஒருவன்